மணல் ஈ ஆய்வில் எங்கே பிசகியது? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்க

மணல் ஈயின் மரபணுவைப் படித்து இனம் பிரிக்கும் வேலையில் பிசகு நடப்பது ஓரிடம், தெரியவருவது வேறிடம். மாட்டுத்தொழுவத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்குச் செய்த தவறு, மூன்று மாதம் கழித்துக் கணினித் திரையில் 'புதிய இனம்' என்று வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். அதனால் இந்தக் குறிப்பை வேலை நடக்கிற வரிசையில் எழுதவில்லை. கண்ணில் படுகிற அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது தொல்லையோ, நேரே அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம்.

புதிதாக வருபவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பெல்லாம் மயிர். உட்காரும்போது இறக்கையை மடக்காமல் தூக்கி விரித்தபடி வைத்திருக்கும். பறப்பதைவிடத் தத்துவது அதிகம். கருங்காய்ச்சல் என்கிற காலா அசாரையும், தோலில் ஆறாத புண்ணாக வரும் லீஷ்மேனியாசிஸையும் பரப்புவது இதுதான். 1965இல் நாக்பூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரில் அறியப்பட்ட சண்டிபுரா வைரஸும் இதன் கணக்கில்தான் வருகிறது. நம் பக்கத்தில் முக்கியமான இனம் ஃபிளெபோட்டோமஸ் அர்ஜென்டிப்ஸ். அர்ஜென்டிப்ஸ் என்றால் 'வெள்ளிக்கால்'. தொழுவச் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள், கால்கள் வெள்ளைக் கோடாக மின்னும். 1908இல் பெயர் வைத்தவர்கள் உயிருள்ள பூச்சியைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஆல்கஹாலில் போட்டு ஒரு வாரம் ஆனபின் அந்த மினுமினுப்பைத் தேடாதீர்கள்.

"பொறியில் விழுந்தது மணல் ஈதானா என்றே தெரியவில்லை"

விளக்குப் பொறியில் பாதிக்குமேல் வேறு பூச்சிகள்தான் விழும். குளியலறைச் சுவரில் உட்கார்ந்திருக்கும் மயிரடர்ந்த சின்ன ஈயும் இதே குடும்பம்தான். ஆனால் அதன் இறக்கை இலைபோல அகலமானது, உடம்பின்மேல் கூரைபோலச் சாய்ந்திருக்கும். மணல் ஈக்குக் கால் நீளம், இறக்கை ஒடுக்கம், முதுகில் கூன். பொறியின் விசிறியில் அடிபட்டு மயிரெல்லாம் உதிர்ந்துபோனால் இந்த வித்தியாசமும் மங்கிவிடும். அப்போது இறக்கை நரம்புகளைப் பாருங்கள்.

காலையில் பொறியைத் திறந்தால் இறக்கைகளும் கால்களும் மட்டும் மிச்சமிருக்கின்றனவா? எறும்பு வந்து போயிருக்கிறது. பொறி தொங்கும் கயிற்றில் நாலு விரல்கடை அளவுக்கு வாசலின் தடவுங்கள், போதும்.

ஆமணக்கெண்ணெய் தடவிய காகிதம் மலிவான பொறி, மின்சாரமும் வேண்டாம். ஆனால் அதிலிருந்து எடுத்த பூச்சியை அப்படியே டியூபில் போட்டால் எண்ணெயும் கூடவே போகும். தூரிகையால் எடுத்து, ஆல்கஹாலில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் போடுங்கள். பின்னால் டிஎன்ஏ பிரிக்கும்போது இந்த அலசலின் அருமை தெரியும்.

"ஸ்லைடு போட்டாயிற்று, அடையாள உறுப்பு எதுவும் தெரியவில்லை"

பெண் பூச்சியில் இனம் சொல்லும் உறுப்புகள் மூன்று: வாய்க்குழியின் உட்புறப் பற்கள், தொண்டையின் முள்வரிசை, விந்துப்பை. மூன்றுமே உடம்புக்குள் இருப்பவை. ஆகவே திசு கரைந்து உடம்பு கண்ணாடிபோல ஆகவேண்டும். வழக்கமாக இதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பயன்படுத்துகிறோம். குறைவாக ஊறினால் எல்லாம் பழுப்பு மூட்டமாகத் தெரியும். அதிகமாக ஊறினால் விந்துப்பைச் சுவரே காணாமல் போகும், அது அவ்வளவு மெல்லியது. 'ராத்திரி ஊறட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பழக்கத்தை விட்டுவிட்டு அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தலையை உடம்பிலிருந்து பிரித்து, அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள். பக்கவாட்டில் கிடந்தால் வாய்க்குழிப் பற்களை எண்ணவே முடியாது. மழைக்காலத்தில் ஹாயர் திரவத்தில் (பூச்சியை ஸ்லைடில் பதிக்கும் திரவம்) போட்ட ஸ்லைடு ஈரத்தை உறிஞ்சி மங்கினால், கவர் ஸ்லிப்பின் ஓரத்தை நகப்பூச்சால் அடைத்துவிடலாம்.

ஆண் பூச்சியில் இன்னொரு வேடிக்கை உண்டு. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த ஆணின் பிறப்புறுப்பு தலைகீழாக இருக்கும். முதல் ஒரு நாளுக்குள் அது 180 பாகை திரும்பி நிலைகொள்ளும். கூண்டில் வளர்த்து உடனே கொன்ற பூச்சியைப் பார்த்துவிட்டு, 'கையேட்டுப் படத்தோடு ஒத்துப்போகவில்லை, விநோத வடிவம்' என்று எழுதிவிடாதீர்கள். அது நேற்றுப் பிறந்த பிள்ளை.

மணல் ஈயின் இரண்டு பேரினங்களில் ஃபிளெபோட்டோமஸா, செர்ஜென்டோமையாவா என்ற அடிப்படைக் கேள்வியில் மாட்டிக்கொண்டால் வயிற்று மயிரைப் பாருங்கள். முன்னதில் நிமிர்ந்து நிற்கும், பின்னதில் படுத்திருக்கும். மயிர் உதிர்ந்திருந்தால் அது முளைத்த குழிகளைப் பார்க்கலாம். செர்ஜென்டோமையாவில் இரண்டாம் வளையம் தொடங்கி இருக்கும் குழிகள், முதல் வளையத்துக் குழிகளைவிடச் சிறியவை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பூச்சி முழுவதையும் அரைத்து டிஎன்ஏ எடுக்காதீர்கள். தலையும் கடைசி வளையங்களும் ஸ்லைடுக்கு, மார்பும் கால்களும் டியூபுக்கு. இல்லையென்றால், அரைக்காமல் புரோட்டினேஸ் கே (புரதத்தைச் சிதைக்கும் நொதி) கரைசலில் முழுப் பூச்சியை ஊறவைத்து, கரைந்து வந்த டிஎன்ஏவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய கூட்டை ஸ்லைடாக்கலாம். உடம்பு கையில் இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதியைத் தீர்க்கவே முடியாது.

"பிசிஆரில் பேண்டு வரவில்லை"

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு துண்டை ஏராளமாகப் பிரதியெடுக்கும் முறை; பிரதி உண்டானால் ஜெல்லில் கோடாக, அதாவது பேண்டாகத் தெரியும். முதலில் பாசிட்டிவ் கன்ட்ரோலை, அதாவது கட்டாயம் பேண்டு தரவேண்டிய தெரிந்த டிஎன்ஏவைப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் பூச்சியைக் குற்றம் சொல்லவேண்டாம். கலவையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது ப்ரைமர் (பிரதியெடுக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு) பலமுறை உறைந்து உருகிக் கெட்டிருக்கிறது.

கன்ட்ரோல் சரி, சாம்பிள்தான் மௌனம் என்றால், அந்தப் பூச்சி ரத்தம் குடித்திருந்ததா என்று பதிவேட்டில் பாருங்கள். ரத்தத்தின் ஹீம் பிசிஆரை அடக்கிவிடும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டால் பல நேரம் பேண்டு எழுந்துவிடும். குறைவாகப் போட்டால் அதிகமாக வருகிறதே என்று குழம்பவேண்டாம், தடுக்கும் பொருளும் கூடவே நீர்த்துப்போகிறது, அவ்வளவுதான். கலவையில் கொஞ்சம் பிஎஸ்ஏ புரதம் சேர்ப்பதும் உதவும். அடுத்த முறை வயிற்றை ஒதுக்கிவிட்டு மார்பிலிருந்து எடுங்கள்.

நீர்த்தும் வரவில்லையா? பாதுகாத்த விதத்தை விசாரியுங்கள். உருவம் பார்க்க 70 சதவீத ஆல்கஹால் நல்லது, டிஎன்ஏவுக்கு 95க்கு மேல் வேண்டும், குளிரிலும் இருக்கவேண்டும். யாராவது 'ஃபார்மலின்தான் இருந்தது' என்று சொன்னால் அந்தத் தொகுதியை ஸ்லைடுக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

சாம்பிள் நல்லது, ஆனால் ஓர் இனம் மட்டும் வரமாட்டேன் என்கிறது என்றால் ப்ரைமர் பொருந்தவில்லை. 1994இல் ஃபோல்மரும் கூட்டாளிகளும் வடிவமைத்த ப்ரைமர் ஜோடியைத்தான் எல்லோரும் மைட்டோகாண்டிரியாவில் உள்ள சிஓ1 மரபணுவுக்குப் பயன்படுத்துகிறோம். முதுகெலும்பில்லாத எத்தனையோ உயிர்களுக்குப் பொதுவாகச் செய்தது அது. ஒட்டும் வெப்பநிலையைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், அப்படியும் இல்லையென்றால் சைட்டோகுரோம் பி மரபணுவுக்கு மாறிவிடுங்கள்.

"நெகட்டிவ் கன்ட்ரோலிலும் பேண்டு வருகிறது"

டிஎன்ஏ போடாத டியூபிலேயே பேண்டு என்றால் அன்றைய தொகுதி முழுக்கக் குப்பை. மனசு வராது, ஆனாலும் தூக்கிப் போடுங்கள். தண்ணீரை மாற்றி, ப்ரைமரைப் புதிதாக நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். பேண்டு மறைந்தால் சரி. மறையவில்லை என்றால், பிசிஆர் கலவை தயாரிக்கும் மேசையிலேயே ஜெல்லுக்கும் சாம்பிள் எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

"சீக்வென்ஸில் ஒவ்வோர் இடத்திலும் இரட்டைச் சிகரம்"

சீக்வென்ஸ், அதாவது டிஎன்ஏ எழுத்து வரிசை வந்த ஃபைலைத் திறந்தால் நாலு நிற வரைகோடு வரும். ஒரு சிகரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு. எந்த மரபணு என்பதைப் பொறுத்து இதற்குப் பொருளே மாறும்.

சிஓ1 போன்ற மைட்டோகாண்டிரியா மரபணுவில் தாய்வழிப் பிரதி ஒன்றுதான் வரவேண்டும். இரட்டைச் சிகரம் வந்தால் இரண்டு டிஎன்ஏ கலந்திருக்கிறது. ஒரே டியூபில் இரண்டு பூச்சியா? கூட்டாகப் பிடித்துக் கூட்டாகவே ஆல்கஹாலில் போட்டு, ஒன்றின் உதிர்ந்த கால் இன்னொன்றில் ஒட்டியிருக்கிறதா? சினைப்பட்ட பெண்ணின் வயிற்றை அரைத்திருந்தால் ஆணின் விந்தும் உள்ளே இருக்கும். மார்பிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தாலும் போகவில்லை என்றால், உட்கருவுக்குள் குடியேறிய போலிப் பிரதியாக இருக்கலாம். அதைப் பற்றி அடுத்த தலைப்பில்.

ஐடிஎஸ்-2 என்ற உட்கரு டிஎன்ஏ பகுதி என்றால் கதை வேறு. அந்தப் பகுதி ஒரே பூச்சிக்குள் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது, எல்லாம் ஒரேமாதிரி இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பிரதியில் ஓரெழுத்து கூடுதலாக இருந்தால், அந்த இடம்வரை தெளிவாக இருந்த வரைகோடு அதற்கப்புறம் முழுக்கக் கலைந்துபோகும். எதிர்த்திசையிலிருந்து படித்துப் பாருங்கள். அங்கேயும் அதே இடத்தில் கலைந்தால் குளோன் செய்து, பிரதிகளைத் தனித்தனியாகப் படிப்பதுதான் வழி.

பூச்சிக்கொல்லி எதிர்ப்பைப் பார்க்கும் சோடியம் கால்வாய் மரபணுவில், 1014ஆவது இடத்தில் மட்டும் ஓர் இரட்டைச் சிகரம் இருந்தால் அதைக் கோளாறு என்று அழித்துவிடாதீர்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து வேறொன்று. அதுதான் நீங்கள் தேடி வந்த தகவலே. பிகாரின் அர்ஜென்டிப்ஸ் ஈக்களில் அந்த இடத்து லூசின், ஃபினைல்அலனைனாகவோ செரினாகவோ மாறியிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் டிடிடி அடித்த மண் அது. சீக்வென்ஸ் சுத்தம் செய்யும் மென்பொருள் தானாகவே பெரிய சிகரத்தை வைத்துக்கொண்டு சின்னதை விழுங்கிவிடும், அதை நம்பி விட்டுவிட்டால் எதிர்ப்புள்ள பூச்சியெல்லாம் சாதுவாகிவிடும்.

"மொழிபெயர்த்தால் நடுவில் ஸ்டாப் கோடான் வருகிறது"

மொழிபெயர்ப்பது என்றால் டிஎன்ஏ எழுத்துகளை மும்மூன்றாகப் படித்து அமினோ அமிலமாக்குவது; ஸ்டாப் கோடான் என்பது 'நிறுத்து' என்று சொல்லும் மும்மை. இது என் மேசைக்கு அடிக்கடி வரும் புகார். வந்த கையோடு 'போலி மரபணு' என்று முடிவுகட்டிவிடுவார்கள். பத்தில் பாதிக்குமேல் போலியும் இல்லை, ஒன்றும் இல்லை. படிக்கிற அகராதி தப்பு.

மென்பொருளில் மரபுக் குறியீட்டு அட்டவணை ஒன்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். எதுவும் தொடாவிட்டால் பொது அட்டவணை, அதாவது எண் 1, இருக்கும். பூச்சியின் மைட்டோகாண்டிரியாவுக்கு எண் 5 வேண்டும். பொது அட்டவணையில் டி-ஜி-ஏ என்றால் 'நிறுத்து'. ஐந்தாம் அட்டவணையில் அதே டி-ஜி-ஏ டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். பூச்சிகளின் சிஓ1 பகுதி தொடங்கிச் சிறிது தூரத்திலேயே ஜி-ஜி-ஏ, ஜி-சி-டி, டி-ஜி-ஏ என்ற மும்மைகள் அடுத்தடுத்து வருவதைப் பலமுறை பார்க்கலாம். கிளைசின், அலனைன், டிரிப்டோஃபேன் என்று படிக்கவேண்டியதை, கிளைசின், அலனைன், நிறுத்து என்று படித்துவிட்டு நல்ல சீக்வென்ஸைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

அட்டவணை சரி என்றால் தொடங்கும் எழுத்தைப் பாருங்கள். ப்ரைமரை வெட்டியபின் கிடைக்கும் 658 எழுத்தில் முதல் எழுத்து, முந்தைய மும்மையின் கடைசி எழுத்து. ஆகவே இரண்டாவதிலிருந்து படிக்கவேண்டும். மூன்று சட்டகத்திலும் படித்துப் பார்த்து ஸ்டாப் இல்லாததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலும் நேராகவில்லை என்றால் எதிரிழையைத் திருப்பாமல் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்டாப் நின்றால், அல்லது ஓரிரண்டு எழுத்து கூடிக் குறைந்து சட்டகமே உடைந்தால், அப்போதுதான் உட்கருவில் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதி என்று சந்தேகப்படலாம். ஸ்டாப் இல்லாத போலிகளும் உண்டு என்பதுதான் சங்கடம். வேறு ப்ரைமர் ஜோடியால் நீளமான துண்டாக எடுத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

இன்னொரு அரிய கேஸ். சீக்வென்ஸ் அழகாக இருக்கும், ஸ்டாப் இருக்காது, ஆனால் பூச்சிகளோடு எந்த உறவும் இல்லாமல் வானத்திலிருந்து விழுந்ததுபோல் நிற்கும். தரவுத்தளத்தில் தேடினால் வோல்பேக்கியா என்று வரும். பூச்சியின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா அது, மணல் ஈக்களிலும் உண்டு. அதன் சிஓ1ஐயே ப்ரைமர் பிடித்துவிட்டது.

"தரவுத்தளத்தில் 99 சதவீதம் பொருந்துகிறது, ஆனால் நான் பார்த்த பூச்சி அதுவல்ல"

மூன்று சாத்தியம். நீங்கள் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம். அந்தச் சீக்வென்ஸைத் தரவுத்தளத்தில் பதிவேற்றியவர் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம். உங்கள் டியூபே மாறியிருக்கலாம்.

மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதுதான் வெட்கமில்லாமல் அடிக்கடி நடப்பது. ஒருமுறை மலையடிவாரத்துத் தொழுவத்தில் பிடித்த பூச்சிகளையும், கடலோரக் கிராமத்தில் பிடித்தவற்றையும் ஒரே ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தேன். டியூபின் வெளியே ஜெல் பேனாவால் எழுதியிருந்தேன். ஒரு டியூபின் மூடி தளர்ந்து ஆல்கஹால் கசிந்தது; ஊர் சேர்வதற்குள் பதினெட்டு டியூபில் எழுத்தெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. நினைவை வைத்து மறுபடி எழுதினேன். அதன் பலனாக, மலையில் இருக்கவேண்டிய செர்ஜென்டோமையா ஒன்று கடற்கரையில் 'கிடைத்தது'. ஸ்லைடைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இப்போதெல்லாம் தடிமனான காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி டியூபுக்கு உள்ளேயே போடுகிறேன். பென்சில் எழுத்தை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது.

டியூப் சரி என்றால் ஸ்லைடை மறுபடி பாருங்கள். வேறொருவர் கண்ணாலும் பார்க்கட்டும். அதுவும் சரி என்றால், பொருந்தி வந்த அந்த ஒரு பதிவை மட்டும் நம்பாமல் அடுத்த இருபதையும் பாருங்கள். பத்தொன்பது பேர் ஒரு பெயரும் ஒருவர் வேறு பெயரும் சொன்னால் விஷயம் விளங்கிவிடும். எந்தப் பூச்சியிலிருந்து எடுத்தது, அதன் உடல் எங்கே சேமிப்பில் இருக்கிறது என்ற குறிப்பு இல்லாத பதிவுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். பொருத்தம் 90, 91 என்று நின்றால் யாரும் தவறில்லை. அந்த இனத்தை இதுவரை யாரும் பதிவேற்றவில்லை என்று அர்த்தம். செர்ஜென்டோமையாவில் இது சகஜம்.

"ஒரே இனம் மரபணு உறவு மரத்தில் இரண்டு கொத்தாகப் பிரிகிறது"

புதிய இனம் கண்டுபிடித்துவிட்டோம் என்று கை துறுதுறுக்கும் இடம் இது. மேலே சொன்னவற்றையெல்லாம் ஒருமுறை சரிபார்த்தாயிற்றா? போலிப் பிரதி, டியூப் மாற்றம், திருப்பாமல் விட்ட இழை, ஓரங்களில் வெட்டாமல் விட்ட குப்பை எழுத்து, எதுவும் இல்லையே? சரி, இனி ஆர அமர யோசிக்கலாம்.

முதலில், 'இரண்டு சதவீதம் வேறுபட்டால் வேறு இனம்' என்ற கணக்கை ஓரமாக வையுங்கள். அது ஒரு வசதியான எல்லை, மற்றபடி இயற்கை விதி ஒன்றும் இல்லை. மணல் ஈ நன்றாகப் பறக்காது. பொதுவாக, பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் அதன் உலகம். ஆகவே இடையில் மலையோ கடலோ இருந்தால், ஒரே இனத்துக்குள்ளேயே மைட்டோகாண்டிரியா வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும். இரண்டு ஊரில் மட்டும் பிடித்துவிட்டு இரண்டு கொத்து என்று சொன்னால், நடுவில் உள்ள ஊர்களில் பிடித்தீர்களா என்று கேட்பேன். நடுவூர்ப் பூச்சிகள் இடைவெளியை நிரப்பிவிட்டால் அது தூரத்தால் வந்த பிரிவு.

அதே தொழுவத்தில், அதே இரவில் பிடித்த பூச்சிகள் இரண்டு கொத்தில் விழுந்தால் விஷயம் சூடுபிடிக்கிறது. ஒன்றோடொன்று கலக்க வாய்ப்பு இருந்தும் கலக்கவில்லையா என்று பார்க்கவேண்டும். உட்கரு மரபணு ஒன்றை எடுத்துப் படியுங்கள். அதுவும் அதே இரண்டு கொத்தைக் காட்டினால்தான் பேச்சு. மைட்டோகாண்டிரியா மட்டும் பிரிந்து உட்கரு பிரியாவிட்டால் பழைய பிரிவின் எச்சமாக இருக்கலாம், வோல்பேக்கியா ஒரு தாய்வழியைத் தூக்கிவிட்டதாகவும் இருக்கலாம். இனம் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அப்புறம் ஸ்லைடுக்குத் திரும்புங்கள். அர்ஜென்டிப்ஸ் விஷயத்தில் நடந்ததே இதற்கு நல்ல பாடம். உணர்கொம்பின் இரண்டாம் கணுவில் ஒரு நுண்ணிய உணர்முள் இருக்கிறது. அந்த முள்ளின் நீளத்துக்கும் கணுவின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தபோது பூச்சிகள் கும்பல் கும்பலாகப் பிரிந்தன. அதையும் பிற உறுப்புகளையும் வைத்து 2010இல் இளங்கோ இந்தத் தொகுதியை மறுஆய்வு செய்து, அர்ஜென்டிப்ஸ், அனண்டேலை, கிளாக்கஸ் என்று மூன்று இனங்களாகப் பிரித்தார். பின்னிரண்டும் அவர் புதிதாக இட்ட பெயர்கள் இல்லை. 1923இலும் 1953இலும் பிறர் விவரித்து, பிறகு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பெயர்களைத் தூசி தட்டி எடுத்தார். இலங்கையில் 2005இலேயே நெடுந்தீவில் ஏ, பி என்று இரண்டு உருவ வகைகள் பதிவாகியிருந்தன.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பிகாரில் லீஷ்மேனியா டோனவனி என்ற ஒட்டுண்ணி உள்ளுறுப்பைத் தாக்கிக் காலா அசாராக வருகிறது. இலங்கையில் அதே டோனவனி, எம்ஓஎன்-37 என்ற வகை, பெரும்பாலும் தோல் புண்ணோடு நின்றுவிடுகிறது. கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் காணி மக்களிடம் கண்ட தோல் நோயிலும் டோனவனிதான். வித்தியாசம் ஒட்டுண்ணியில் எவ்வளவு, கடிக்கிற ஈயில் எவ்வளவு என்று கேட்கவேண்டுமானால், மூன்று இடத்து ஈயையும் ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். 1990இல் ஒருவர் அர்ஜென்டிப்ஸ் என்று எழுதியது இன்று எந்த இனம் என்பதை அவருடைய ஸ்லைடைப் பார்த்தால்தான் சொல்லமுடியும்.

முள்ளை அளக்கும்போது ஒரு கவனம். கணு ஸ்லைடில் சாய்ந்து கிடந்தால் நீளம் குறைந்து தெரியும், விகிதம் தாறுமாறாகும். முள்ளின் அடியும் நுனியும் ஒரே குவியத்தில் தெரிந்தால் மட்டும் அளவெடுங்கள். ஒரு பூச்சியின் இரண்டு கொம்பையும் அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்லது.

ஏபிஜிடி, பிடிபி போன்ற இனம் எண்ணும் மென்பொருள்களைப் பற்றியும் கேட்பார்கள். ஓட்டுங்கள், தப்பில்லை. ஒன்று நாலு என்கும், இன்னொன்று ஏழு என்கும். தனக்குப் பிடித்த எண்ணை மட்டும் கட்டுரையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் எழுதுங்கள்.

"உடம்பில் வேறுபாடு தெரிகிறது, பார்கோடு ஒன்றே என்கிறது"

மேலே சொன்னதன் மறுபக்கம். (பார்கோடு என்பது இனத்தை அடையாளம் காணப் படிக்கும் சிஓ1 துண்டு.) மிக அண்மையில் பிரிந்த இனங்கள், அல்லது அவ்வப்போது கலந்துகொள்ளும் இனங்கள், ஒரே மைட்டோகாண்டிரியாவைப் பகிர்ந்துகொள்ளும். பிரேசிலின் லுட்ஸோமையா லாங்கிபால்பிஸ் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சில இடத்து ஆண்களின் வயிற்றில் ஒரு வெளிர்ப்புள்ளி, சில இடத்தில் இரண்டு. 1969இலேயே மங்காபெய்ரா இதைக் கவனித்து எழுதினார். பிறகு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். சில கூட்டங்கள் சேரவே மறுத்தன. ஆண் வெளியிடும் மணமும், இணையும்போது இறக்கையை அதிரவைத்துப் பாடும் பாட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் மாறின. புள்ளியை மட்டும் நம்பியவர்களும் ஏமாந்தார்கள், ஏனென்றால் ஒரே புள்ளிக்காரர்களுக்குள்ளேயே வேறு வேறு மணம் இருந்தது. கடைசியில் கைகொடுத்தது, பாட்டோடு தொடர்புடைய பீரியட் என்ற உட்கரு மரபணு. உங்கள் பூச்சிக்கும் பார்கோடு கைவிரித்தால், இணைசேர்வதோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடுங்கள்.

"மைக்ரோசாட்டிலைட்டில் ஹெட்டரோசைகோட் குறைவாக இருக்கிறது"

மைக்ரோசாட்டிலைட் என்பது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ இடம். அங்கே தாயிடமிருந்து ஒரு வடிவமும் தந்தையிடமிருந்து வேறு வடிவமும் வந்த பூச்சி ஹெட்டரோசைகோட். இப்படிப் பார்க்கும் எல்லா இடத்திலும், அதாவது எல்லா மார்க்கரிலும் குறைந்தால், இரண்டு கூட்டத்தை ஒன்றாக எண்ணியிருக்கிறீர்கள். முந்தைய தலைப்புகளுக்குத் திரும்புங்கள். ஒன்றிரண்டு மார்க்கரில் மட்டும் குறைந்தால் ப்ரைமர் சில வடிவங்களைப் பிடிக்கவில்லை. அந்த மார்க்கரை விலக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். ஒரே எலிவளையிலிருந்து முப்பது பூச்சி எடுத்திருந்தால் அண்ணன் தங்கைகளை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

"செர்ஜென்டோமையாவில் லீஷ்மேனியா டிஎன்ஏ வந்துவிட்டது, இதுவும் பரப்புகிறதா?"

பதறவேண்டாம். செர்ஜென்டோமையாவில் பெரும்பாலானவை பல்லி, ஓணான் போன்றவற்றைக் கடிப்பவை. பல்லிக்கென்றே தனி லீஷ்மேனியாக்கள் உண்டு. ஆகவே முதலில் வந்த துண்டைச் சீக்வென்ஸ் செய்து எந்த இனம் என்று பாருங்கள், பேண்டின் நீளத்தை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள். மனிதருக்கு வரும் இனமேதான் என்றால், பூச்சியின் வயிற்றில் ரத்தம் இருந்ததா? குடித்த ரத்தத்தோடு உள்ளே போன ஒட்டுண்ணி செத்தாலும் அதன் டிஎன்ஏ சில நாள் பிசிஆரில் தெரியும். உள்ளே போவது வேறு, வளர்ந்து வாய்ப்பக்கம் வந்து அடுத்த ஆளுக்குள் இறங்குவது வேறு.

இந்த வேறுபாட்டை நிரூபிக்க அர்ஜென்டிப்ஸுக்கே எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள். 1903இல் சென்னையில் டோனவன் ஒட்டுண்ணியைக் கண்டார். 1924இல் கல்கத்தாவில் நோல்ஸும் கூட்டாளிகளும் அது இந்த ஈயின் குடலில் வளர்வதைக் கண்டார்கள். ஆனால் கடித்து நோய் வந்ததாகக் காட்ட முடியவில்லை, ஏனென்றால் ரத்தம் குடித்த ஈக்கள் ஒட்டுண்ணி முற்றுவதற்குள் செத்துக்கொண்டிருந்தன, பிழைத்தவற்றிலும் போதுமான அளவு பெருகவில்லை. பிறகு ஸ்மித் ஈக்களுக்கு ரத்தத்துக்கு அப்புறம் உலர்திராட்சை கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை கிடைத்ததும் ஒட்டுண்ணி குடலை அடைத்துக்கொண்டு பெருகியது. அந்த உபாயத்தோடு சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அஸ்ஸாமில் தன்னார்வலர்களைக் கடிக்கவைத்து 1942இல் நிரூபித்தார்கள்.

ஆகவே பதிவேட்டில் 'செர்ஜென்டோமையா, பெண், ரத்தம் குடித்தது, லீஷ்மேனியா டிஎன்ஏ கண்டறியப்பட்டது' என்று எழுதுங்கள். 'பரப்பும் ஈ' என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள்.